குகை வாசலில் ஓர் இருமல்

அவர் வந்திருக்கிறார் என்பது எனக்கு இருமலில்தான் தெரியும். சளி இருமல் இல்லை; அவர் உடம்புக்கு ஒரு கேடும் கிடையாது. கடை வாசலுக்கு வெளியே, சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தொண்டையைக் கனைத்து இரண்டு தடவை இருமுவார். நான் நிமிர்ந்து "வாண்ணா" என்று சொல்கிற வரைக்கும் உள்ளே கால் வைக்க மாட்டார். கடை என்றால் எவனும் எப்போதும் நுழைகிற இடம். கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் இருமல்.

ஓர் ஐப்பசி மழையில் கடையைத் திறந்துபோட்டுவிட்டு நான் தொழுகைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மனிதர் கூரைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் தொப்பலாக நனைந்து நிற்கிறார். உள்ளே போய் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். "நீ இல்லாத கடைல நான் இன்னாத்துக்கு பாய் நிக்கணும்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் என் துண்டை அவர் தலையில் போட்டு நானே துவட்டிவிட்டேன்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் அப்போது நான் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் படம் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கோட்டைக்குப்பத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்க வந்து பழக்கமாகி, அப்புறம் மீன் இல்லாத நாளிலும் வர ஆரம்பித்தவர். ஒல்லியான உடம்பு. கட்டை விரல்கள் மட்டும் வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போய், வேறு யாருடையதையோ வாங்கி ஒட்டிவைத்ததுபோல் இருக்கும்.

அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் பாடு என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஏரி பார்க்கத்தான் பெரிசு. இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்தில் போய் வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் குப்பத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். உன் பாடு வருகிற நாளில் அந்தத் தண்ணீருக்கு நீ ராஜா. மறுநாள் அதே தண்ணீரில் உன் நிழல்கூட விழக் கூடாது.

இதை எல்லாரும் மதித்தார்கள். அவர் மதித்த அளவுக்கு யாரும் மதிக்கவில்லை. ஒரு தடவை அவருடைய பாடு முடிந்த மறுநாள், அடுத்த முறைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அன்றைக்கென்று இறால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடுகிறது. இவர் நட்ட கழி அப்படியே நிற்கிறது. வலை படகில் இருக்கிறது. கட்டி எடுத்து அவனுக்கும் பாதி கொடுத்திருக்கலாம். இவர் என்ன செய்தார் தெரியுமா? கழியைப் பிடுங்கிக்கொண்டு கரைக்கு வந்து, காய்ச்சல்காரன் வீட்டு வாசலில் நின்று இருமினார். அவன் எழுந்திருக்கவில்லை. இறாலும் நிற்கவில்லை. அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம். பேச ஆரம்பித்தபோது முதலில் கேட்ட கேள்வி, "அந்த இறாலுக்குத் தெரியுமா, இது யாரு பாடுன்னு?" என்பதுதானாம். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆனால் இதே குணத்தில் சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருந்தது. அவருக்கு ஒரு தம்பி. அப்பா இல்லாத வீட்டில் இவர் தோளில் வளர்ந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் தம்பியின் பாடு வந்த நாளில் புயல் காற்று. படகையே இறக்க முடியவில்லை. முறைப்படி, போன பாடு போனதுதான். தம்பிக்குக் கைக்குழந்தை, வீட்டில் உலை ஏறாத வாரம். மறுநாள் விடியும் முன்னே அடுத்தவன் இடத்தில் வலையைக் கட்டிவிட்டான். பார்த்தவர் ஒரே ஆள். வேறு யார், இவர்தான்.

பஞ்சாயத்தில் தம்பி, "என் பாட்ட காத்து துன்னுட்ச்சி, நான் இன்னா பண்றது?" என்று கேட்டானாம். நியாயமான கேள்விதான். ஆனால் உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது குப்பத்துச் சட்டம். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். ஒரு சுற்று முழுக்கத் தம்பிக்குப் பாடு இல்லை என்று தீர்ப்பானது. தம்பி பஞ்சாயத்தோடு சண்டை போடவில்லை. அண்ணனிடம் வந்து, "நீயாச்சும் பாக்காத மாரி இருந்துருக்கலாம்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு மாமனார் ஊரான பசியாவரத்துக்குப் படகேறிவிட்டான்.

பசியாவரம் ஒன்றும் அந்தமான் இல்லை. கோட்டைக்குப்பத்துக் கரையில் நின்றால் அந்தத் தீவின் மரங்கள் தெரியும், காற்று அடங்கினால் நாய் குரைப்பதுகூடக் கேட்கும். படகில் கழி ஊன்றினால் ஒரு சுருட்டு முடிவதற்குள் போய்விடலாம். அவர் போகவில்லை. முகத்துவாரத்துக்குப் போகிற வேலை இருந்தாலும் அந்தக் கரையை விட்டு ஒதுங்கிச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஏனென்று கேட்டால், "அது அவங்க தண்ணி பாய்" என்பார். கைக்குழந்தையாகப் போன தம்பி மகள் அங்கே வளர்ந்து ஆளாகிவிட்டாள். சந்தைக்கு வந்தால் இவரைத் தூரத்தில் பார்த்து, "பெரிய நைனா, நல்லா கீறியா?" என்று கேட்பாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில், துபாயிலிருந்து லீவில் வந்த என் அக்கா வீட்டுக்காரர் ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். டிவியில் செருகினால் படம் வரும், கையில் ஒரு சின்னக் கட்டை, அதில் பொத்தான்கள். மச்சான் திரும்பிப் போகும்போது பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். கூட ஒரே ஒரு கேசட். அதில் எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கத்தி பிடித்த ஒரு பையன் ஓர் ஊரில் புறப்பட்டு, காடு, ஏரி, பாழடைந்த கோட்டை எல்லாம் தாண்டிப் போக வேண்டும். எங்கே, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. படிக்கத் தெரிந்தவன் ஜப்பானில் இருந்தான்.

மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் நானும், ஐஸ் வண்டி ஓட்டுகிற எங்கள் தெரு காதரும் ஆடுவோம். யார் ஆடுவது என்று தினமும் சண்டை. அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள், "பாடு வெச்சிக்கலாமே" என்றார். சிகரெட் அட்டையைக் கிழித்துச் சீட்டுக் குலுக்கினோம். பையன் செத்தால் கட்டை அடுத்தவன் கைக்குப் போக வேண்டும். அவருக்கும் ஒரு சீட்டு போட்டோம். அன்றிலிருந்து என் கடையில் சண்டை இல்லை. உலகத்தில் பாடு வைத்து வீடியோ கேம் ஆடியவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

அவர் ஆட்டம் பார்க்கக் கண் கோடி வேண்டும். அந்த ஆட்டத்தில் ஊருக்குள் இருக்கிற வீடுகளில் நுழைந்து பானைகளை உடைத்தால் உள்ளே காசும் மருந்தும் கிடைக்கும். காதர் ஒரு பானை பாக்கி வைக்க மாட்டான். அவர் உடைக்கவே மாட்டார். "யார் வூட்ல பூந்து யார் பானைய ஒடைக்கிறது? அந்தப் பொம்பள பாத்துகினு கீது பாரு" என்பார். திரையில் நகம் அளவுக்கு ஒரு பொம்மைப் பெண் சும்மா நிற்கும். அதற்காக இவர் பையனை மருந்தில்லாமல் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சாகக் கொடுப்பார். பையன் ஒரு வீட்டு வாசலில் நுழையும்போது, என் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன்னை அறியாமல் இருமுவார். காதர் விழுந்து விழுந்து சிரிப்பான்.

முதல் ஊரின் விளிம்பிலேயே, கிணற்றுக்குப் பின்னால், பாறைக்கு நடுவில் கறுப்பாக ஒரு குகை வாய் இருந்தது. அதன் முன்னால் தாடிக்காரப் பொம்மை ஒன்று குறுக்கே நின்றது. காதர் எட்ட நின்று கத்தி வீசிப் பார்த்தான், தாடிக்காரன் அசையவில்லை. நான் பக்கவாட்டில் நுழையப் பார்த்தேன்; பாறை விடவில்லை. அந்த ஆட்டத்தில் எதன் மேல் இடித்தாலும் உயிர் குறையும் என்பதால் அவன் மேல் போய் இடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் குகைக்குள் போகாமலே மேலே போக முடிந்தது. சரிதான் போ என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவர் மட்டும் அதற்குக் காரணம் சொன்னார். "அது அவன் எடம். காவலுக்கு நிக்கிறான். அவன் பாடு முடியட்டும்."

எங்கள் பாடுதான் முடியாமல் இழுத்தது. கரண்ட் போனால் ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பழவேற்காட்டில் கரண்ட் போவதற்குக் கம்பியில் காக்கை உட்கார்ந்தாலே போதும். ஆகவே தினமும் அந்த ஊர், அந்தக் கிணறு, அந்தத் தாடிக்காரன். எப்படியோ தட்டுத்தடுமாறிக் கோட்டை வரைக்கும் போனோம். அதற்குள் ஒரே இருட்டு. பள்ளம் எது, தரை எது என்று தெரியாமல் மூன்று பேர் பையன்களும் மாற்றி மாற்றி விழுந்து செத்தார்கள். கட்டை சரியில்லை என்றான் காதர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இப்படி நாங்கள் இருட்டில் விழுந்துகொண்டிருந்த நாட்களில்தான் ஒரு காலையில் அவருடைய தம்பி என் கடைக்கு வந்தான். வாசலில் இருமவெல்லாம் இல்லை, நேராக வந்து உட்கார்ந்தான். மகளுக்குக் கல்யாணம், பசியாவரத்தில். முதல் நாளே டிவி, டெக், கரண்ட்டுக்கு ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும் என்றான். பேசி முடித்து எழுந்தவன், அண்ணன் இங்கே வருமாமே என்று கேட்டான். வருவார் என்றேன். கோட்டைக்குப்பத்தில் வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்தவர்கள் அண்ணன் வீட்டை மட்டும் தாண்டிப் போனது எனக்குத் தெரியும். அவர் மனைவி அதற்காக அழுததும் தெரியும். அதைக் கேட்டேன். "வந்தா நான் இன்னா வேணான்னா சொல்லப்போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "வான்னு சொன்னானா?" என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "அப்பறம்?" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து முட்ட வேண்டும் போலிருந்தது. வயசு என்னவோ ஐம்பதைத் தொடுகிறது. ஆனால் தோளில் தூக்கிய தம்பியின் மகள் மாலை போடுகிற நாளில் இந்த மனிதர் இக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அன்றைக்கு அப்படி உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் அவர் தேறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால், அவருடைய பாட்டில் அது நடந்தது. ஏரியிலிருந்து நேரே வந்தவர், கையைத் துடைக்காமல் கட்டையைப் பிடித்துவிட்டார். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, மேலே போகிற பொத்தான் அமுங்கினபடியே சிக்கிக்கொண்டது. கிணற்றோரம் நின்றிருந்த பையன் தானாக நடக்க ஆரம்பித்தான். நேராகக் குகையைப் பார்த்து, தாடிக்காரனைப் பார்த்து. அவர் கட்டையைத் தட்டுகிறார், உதறுகிறார், பையன் நிற்கவில்லை. போய் இடிக்கப் போகிறான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், தாடிக்காரன் ஓர் எட்டு ஒதுங்கி நிற்கிறான். குகை வாய் திறந்து கிடக்கிறது.

"நான் போவல பாய். அதுவா போச்சி" என்றார் அவர். திருடிப் பிடிபட்டவர்போல முகம் வெளுத்திருந்தது. பொத்தானை ஊசியால் நெம்பிச் சரி செய்து கொடுத்தேன். அவன்தான் வழி விட்டுவிட்டானே, உள்ளே போய்ப் பாருங்கள் என்று நானும் காதரும் நச்சரித்தோம். இருமிவிட்டு நுழைந்தார்.

உள்ளே பெரிய பூதமோ பேயோ இல்லை. சின்னச் சின்ன வௌவால்கள், ஒரு வெட்டுக்கு ஒன்று விழுந்தது. எங்கோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அறைக்குள் அறையாகப் போனது, பெரும்பாலும் காலி. நடுவில் ஒரு கால்வாய், அதில் ஒரு பலகை. பலகை மேல் ஏறி நின்றால் அது தானாக அக்கரைக்கு மிதந்து போனது. அவர் தன்னை மறந்து, கழி ஊன்றுவதுபோல உடம்பைச் சாய்த்துச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாமே எளிதாக இருந்தது. ஆட்டம் தெரியாதவன் முதல் நாளே போய்ப் பழகிக்கொள்ள வைத்த இடம். நாங்கள்தான் அதைத் தாண்டிப் போய் வேறு இடத்தில் செத்துக்கொண்டிருந்தோம். கடைசி அறையில் ஒரு கல், கல்லின் மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோட்டை இருட்டுக்கு இதுதான் மருந்து என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

"எடுக்கலாமா பாய்?" என்று கேட்டார். இங்கே கேட்பதற்கு யாரண்ணா இருக்கிறார்கள் என்றேன். "வாசல்ல ஒருத்தன் கீறான்ல." சொல்லிவிட்டு, விளக்கை எடுக்காமலே பையனைத் திருப்பினார். கால்வாய், வௌவால், அறை எல்லாம் தாண்டி வெளியே வந்து தாடிக்காரன் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகு மறுபடியும் முழு வழியும் உள்ளே போய் விளக்கை எடுத்தார். காதர் தலையில் அடித்துக்கொண்டான். கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை என்று சொல்லக் கூடாது, எனக்கு இருப்பது ஒன்றுதான். அந்த ஒன்றை விடாமல் வேண்டினேன்.

விளக்கோடு வெளியே வந்தபோதும் தாடிக்காரன் அதே மாதிரி ஒதுங்கித்தான் நின்றான். அவர் பையனை நகர்த்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவன் காவலுக்கு நிக்கல, இல்ல?"

"இல்லண்ணா. யாராச்சும் வந்தா வழி வுடறதுக்கு நிக்கிறான் போல."

"நாம கிட்ட போவவே இல்ல" என்றார். எழுந்து, கட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பையன் செத்திருக்கவில்லை, பாடு அவருடையதுதான். தன் பாட்டை அவர் பாதியில் விட்டு எழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காதர் அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டையில் பாதி தூரம் போனான். அப்புறம் கரண்ட் போய்விட்டது.

மறுநாள் வந்து இருமினார். பசியாவரத்துக்கு டிவி சாமானெல்லாம் யார் படகில் போகிறது என்று கேட்டார். இன்னும் பேசவில்லை என்றேன். உண்மையில் வேறொரு படகுக்காரனிடம் பேசி முடித்து முன்பணம்கூடக் கொடுத்திருந்தேன். அந்தப் பொய்யை அல்லா மன்னிப்பான். "நான் ஏத்தி வுடறேன். கரைல எறங்க மாட்டேன்" என்றார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு சாமான் ஏற்ற வந்த அன்றைக்கும் அதையே இன்னொரு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. டிவியைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜெனரேட்டரை நடுவில் கட்டினோம். அவர் கழி ஊன்றினார். இத்தனை வருஷம் சுற்றிப் போன இடத்தை நேராகப் பார்த்துப் படகு போயிற்று. கரை நெருங்கியபோது தம்பியைப் பார்த்தேன். பந்தலுக்குப் போகிற வழியில், கையைக் கட்டிக்கொண்டு, குறுக்கே நின்றான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பையன்கள் ஓடிவந்து சாமான்களை இறக்கினார்கள். அவர் கழியைப் பிடித்தபடி படகிலேயே நின்றார். தம்பி அங்கேயே நின்றான். நான் டிவியை அணைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். யாராவது ஒருவர் வாயைத் திறக்க மாட்டாரா என்று இருந்தது.

அவர் கழியைச் சேற்றில் குத்தி நிறுத்தினார். முழங்கால் தண்ணீரில் இறங்கினார். வேட்டியைத் தூக்கிக்கூடக் கட்டாமல் நேராக நடந்தார், வேகத்தைக் குறைக்காமல், தம்பியைப் பார்த்தே. இடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தம்பி ஓர் எட்டு ஒதுங்கினான்.

"உனுக்கு வெத்தல வெக்கிறதுக்கு நீ இன்னா அசலாரா?" என்றான் தம்பி. "பொண்ணு நலங்குக்குக் குந்திகினு கீது. மொத கை பெரிய நைனாதுன்னு யாரையும் தொட வுடல. போ."

அவர் தம்பியின் தோளில் ஒரு கையை வைத்து எடுத்துவிட்டுப் பந்தலைத் தாண்டி வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே போய் நின்றுவிட்டார். உள்ளே பெண்கள் கூட்டம், சிரிப்பு, மஞ்சள் வாசனை. அவரால் என்ன செய்ய முடியும், வாசலில் நின்று தொண்டையைக் கனைத்து இருமினார்.

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. மணைமேல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெரிய நைனா வந்துட்ச்சி" என்றாள். "உள்ள வா நைனா. எம்மா நேரம் குந்திகினு கீறது."

அவர் இரண்டாவது தடவை இருமவில்லை.